இசைக் கேள்வி பதில்: மடியில் இருந்த கைகள்

போன மாதம் இந்தப் பக்கத்தில், மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது ஒரு பூங்காவில் கேட்ட கோடைக் கச்சேரியைப் பற்றிப் பத்து வரி எழுதியிருந்தேன். 15 வயதுப் பெண் ஒருத்தி, அறுபது பேர் கொண்ட சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன்னால் உட்கார்ந்து பியானோ வாசித்தாள் என்பதுதான் சேதி. அந்தப் பத்து வரிக்கு ஓசூரிலிருந்து அரூர் வரை கடிதங்கள் வந்துவிட்டன. முப்பது வருடமாகக் கிருஷ்ணகிரியில் ஆர்மோனியமும் கீபோர்டும் சொல்லிக்கொடுக்கிறேன். பியானோவைப் பற்றி நம் பக்கத்து ஆட்கள் இவ்வளவு கேட்டு நான் பார்த்ததில்லை. அதனால் இந்த மாதப் பக்கம் முழுக்க அதற்குத்தான். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

டீச்சர், பத்து வரியில் முடித்துவிட்டீர்களே! அந்தப் பெண் என்ன வாசித்தாள், எப்படி வாசித்தாள்? நேரில் பார்த்த மாதிரி சொல்லுங்கள்.
— வாசகி, காவேரிப்பட்டணம்

சொல்கிறேன் அம்மா. அது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊருக்கென்று சொந்தமாக ஓர் ஆர்க்கெஸ்ட்ரா வைத்திருக்கிறார்கள். வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள். என் மகளுக்குப் பல் பார்க்கிற டாக்டர் அங்கே இரண்டாம் வயலின். வருடா வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வைத்து, ஜெயிக்கிற பிள்ளையைக் கோடைக் கச்சேரியில் தங்களோடு வாசிக்க வைக்கிறார்கள். போன ஜூலையில் அந்த இடம் இவளுக்குக் கிடைத்தது.

மாலை ஆறரை மணிக்கும் வெயில் இறங்கவில்லை. அங்கே ஜூலையில் எட்டு மணிக்கு மேல்தான் பொழுது சாயும். புல்தரையில் பாய் விரித்தவர்கள், மடக்கு நாற்காலி போட்டவர்கள், தூங்கும் குழந்தையை மடியில் கிடத்தியவர்கள் என்று நம் ஊர்த் திருவிழாக் கூட்டம்தான். மகளிடம் சொல்லி இடது பக்கமாக இடம் பிடித்தேன். பியானோவின் மூடி வாசிக்கிறவரின் வலது பக்கம் பார்த்துத் திறக்கும், அவர் விரல்கள் இடது பக்கம் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். காற்று நன்றாக அடித்தது. வயலின்காரர்கள் இசைத் தாள் பறக்காமலிருக்க ஸ்டாண்டில் துணி கிளிப் மாட்டியிருந்தார்கள். கொடியில் துணி காயப்போட நாம் மாட்டுகிற அதே மரக் கிளிப்.

அவள் வாசித்தது எட்வர்ட் கிரீக் எழுதிய ஏ மைனர் பியானோ கான்செர்ட்டோ. ஏ என்கிற ஸ்வரத்தை ஆதாரமாக வைத்து, பியானோவும் குழுவும் பேசிக்கொள்கிற மாதிரி எழுதிய படைப்பு. கிரீக் நார்வே நாட்டுக்காரர். 1868 கோடையில் டென்மார்க்கில் தங்கியிருந்தபோது, 25 வயதில், இதை எழுதினார். முழுதும் வாசிக்க அரை மணி நேரம் ஆகும். எடுத்த எடுப்பிலேயே டிம்பனி என்கிற பெரிய அண்டா முரசு மெல்ல உருள ஆரம்பித்து, பெருகிப் பெருகி வரும். அது உச்சத்துக்குப் போன நொடியில் பியானோ மேல் ஸ்தாயியிலிருந்து படிப்படியாகக் கீழே விழும். ஒகேனக்கல்லுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், அருவி கண்ணில் படுவதற்கு முன்னால் அதன் இரைச்சல் காதுக்கு வந்துவிடும். அப்புறம் ஒரு திருப்பத்தில் தண்ணீர் மொத்தமும் விழுவது தெரியும். அப்படித்தான் இருந்தது.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்கு அடுத்து வந்ததுதான். விழுந்து முடித்ததும் அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். ஓபோ, கிளாரினெட் போன்ற ஊது கருவிகள் முக்கிய மெட்டை எடுத்தன. எழுதினவர் அப்படித்தான் எழுதியிருக்கிறார். மெட்டு முதலில் அவர்களுக்கு, அதன் பிறகுதான் பியானோவுக்கு. அவள் முகத்தைத் திருப்பி, ஊதுகிறவர்கள் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓபோ ஊதியவர் ஓரிடத்தில் மூச்சுக்காக ஒரு துளி தாமதித்தார். பிறகு மெட்டு இவள் கைக்கு வந்தது. அதே இடத்தில் அதே ஒரு துளி தாமதம்! பியானோவுக்கு மூச்சு வாங்க வேண்டிய அவசியம் கிடையாது. அவர் மூச்சைக் காதில் வாங்கி, அதையே விரலில் திருப்பிக் கொடுத்தாள் அந்தப் பெண். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இரண்டாம் பகுதி நிதானமானது. வயலின், வியோலா, செல்லோ எல்லாம் தந்திகளைத் தாங்கும் குதிரைமேல் மியூட் என்கிற சின்னக் கட்டையைச் செருகி, சத்தத்தைப் பொத்திக்கொண்டு வாசிக்கும். கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் பியானோவுக்கு ஒரு வேலையும் இல்லை. அவள் மணிக்கட்டில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. இருந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. அவள் தட்டவில்லை, கையை அசைக்கவும் இல்லை. வயலின்கள் முடிக்கிற இடத்தில் அவள் கை எழுந்தபோது, அந்தக் கை இரண்டு நிமிடமும் வாசித்துக்கொண்டேதான் இருந்தது என்று தோன்றியது.

சிம்பொனி என்கிறார்கள், கான்செர்ட்டோ என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? நம் சினிமாப் பாட்டில் வயலின் கூட்டமாகக் கேட்கிறதே, அதுவும் இதுதானா?
— தக்காளி மண்டி வைத்திருப்பவர், பாலக்கோடு

இரண்டும் வேறு அண்ணா. சிம்பொனி என்பது குழு முழுவதற்குமாக எழுதப்படுகிற நீண்ட படைப்பு, பெரும்பாலும் நான்கு பகுதி இருக்கும். கான்செர்ட்டோவில் ஒரு கருவி முன்னால் நிற்கும், குழு அதோடு பேசும். பெரும்பாலும் மூன்று பகுதி: வேகம், நிதானம், மறுபடி வேகம். மொஸார்ட்டின் பியானோ கான்செர்ட்டோக்கள் என்று எண் போட்டவை 27, பேத்தோவனுடையவை 5. கிரீக் எழுதி முடித்தது இந்த ஒன்றே ஒன்றுதான்.

நம் கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு கான்செர்ட்டோ சீக்கிரம் பிடிபடும். காரணம், அதில் கடென்சா என்று ஒரு கட்டம் வருகிறது. குழு மொத்தமும் நின்றுவிட, தனிக் கலைஞர் மட்டும் தன் வித்தையெல்லாம் காட்டி வாசிப்பார். நம் தனி ஆவர்த்தனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மிருதங்கக்காரர் கோர்வை வைத்தால் பாடகர் பல்லவியை எடுக்கத் தயாராகிறார் அல்லவா? மொஸார்ட் காலத்தில் கடென்சாவின் முடிவில் தனிக் கலைஞர் பக்கத்துப் பக்கத்து இரண்டு ஸ்வரங்களை விடாமல் உதற விடுவார். 'முடிக்கப் போகிறேன், வாருங்கள்' என்று குழுவுக்கு அதுதான் சைகை. அந்தக் காலத்தில் கடென்சாவை மேடையிலேயே கற்பனையாக வாசித்தார்கள். பிற்காலத்தில் இசையமைப்பாளர்களே எழுதிக் கொடுக்கலானார்கள். கிரீக்கும் தாமே எழுதிவைத்தார்.

சினிமாவில் கேட்பதும் அதே வயலின், அதே செல்லோ. ஆனால் அது காட்சிக்கும் பாட்டு வரிக்கும் அளந்து வெட்டியது. சிம்பொனி தன் காலிலேயே நிற்க வேண்டும், ஒட்டிக்கொள்ளக் காட்சி இல்லை. இளையராஜா இரண்டையும் செய்தவர். 2025 மார்ச் 8 அன்று லண்டன் மேடையில் அவருடைய முதல் சிம்பொனி அரங்கேறியது. அதைக் கேளுங்கள், பிறகு அவர் சினிமாவுக்குப் போட்ட பின்னணி இசையையும் கேளுங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை.

வணக்கம் அம்மா. நான் 22 வருடமாகக் கூத்துக்கு ஆர்மோனியம் போடுகிறேன். எங்களிடம் முகவீணை ஒன்று, மிருதங்கம் ஒன்று, தாளம் ஒன்று. இதற்குச் சுருதி சேர்க்கவே வேர்த்துவிடும். அறுபது பேர் எப்படிச் சேர்க்கிறார்கள்? வெட்டவெளியில் சுருதி நிற்குமா?
— கூத்துக் கலைஞர், பென்னாகரம்

உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன் அண்ணா. என் அப்பாவும் கூத்துக்கு ஆர்மோனியம் போட்டவர்தான். அவர் பெட்டியில்தான் நான் ச ரி க ம வாசித்தேன். இதைக் கேட்க உங்களைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

எல்லோரும் உட்கார்ந்ததும் ஓபோக்காரர் ஒரே ஒரு ஸ்வரத்தை நீளமாக ஊதுவார். அது ஏ, நம் கணக்கில் ஆறு கட்டை. வினாடிக்கு 440 அதிர்வு. அதைப் பிடித்துத்தான் மற்றவர்கள் சேர்த்துக்கொள்வார்கள். ஓபோவைப் பார்த்தால் உங்களுக்கு உடனே அடையாளம் தெரியும். முகவீணை மாதிரியே இரட்டைச் சீவாளி! நாணல் தட்டையைச் சீவிக் கட்டி, வாசிக்கும் முன் வாயில் ஊறவைத்துத்தான் ஊதுகிறார்கள். அங்கேயும் ஓபோ வாசிக்கிறவர் பலர் தங்கள் சீவாளியைத் தாங்களே சீவிக்கொள்வார்கள்.

ஆனால் அன்றைக்கு மேடையில் பியானோ இருந்ததால் முறை மாறியது. பியானோவில் ஏறத்தாழ 230 கம்பிகள் இருக்கின்றன. 88 கட்டைக்கு ஏன் இத்தனை என்றால், பெரும்பாலான ஸ்வரங்களுக்கு மூன்று கம்பி. மேடையில் உட்கார்ந்தபடி முறுக்கிச் சேர்க்கிற காரியம் இல்லை. காலையிலேயே ஒருவர் வந்து மணிக்கணக்காகச் சேர்த்துவிட்டுப் போயிருந்தார். அதனால் முதல் வயலின்காரர் பியானோவின் ஏ கட்டையை அமுக்கினார், மற்ற எல்லோரும் அதற்கு வந்து சேர்ந்தார்கள். அசைக்க முடியாதவர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் மற்றவர்கள் போக வேண்டும். உங்கள் கூத்தில் ஆர்மோனியம் அப்படித்தானே?

வெட்டவெளியைப் பற்றிக் கேட்டது சரியான கேள்வி. வெயிலில் கம்பி சூடேறினால் தளரும், சுருதி இறங்கும். ஊது கருவியில் உள்ளே இருக்கும் காற்று சூடேறினால் சுருதி ஏறும். ஆக, கோடை மேடையில் ஒரு பக்கம் கீழே போகும், இன்னொரு பக்கம் மேலே போகும். இதனால்தான் மேடைக்குக் கூரை போட்டு, பியானோ மேல் வெயில் படாமல் துணி மூடி வைத்திருந்தார்கள். சுருதி சேர்த்தவர் இடைவேளையில் திரும்ப வந்து, குனிந்து நான்கைந்து கம்பியை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். கூட்டம் ஐஸ்கிரீம் வாங்கப் போயிருந்தது. நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோடையில் எதற்கு? குளிர் நாட்டில் அரங்கத்துக்குள் வைக்கலாமே?
— வாசகர், ஊத்தங்கரை

குளிர்காலத்தில் அரங்கத்துக்குள்தான் நடக்கும். கோடைதான் அவர்கள் வெளியே வருகிற காலம். லண்டனில் 1895-இல் கோடை மாதங்களில் மலிவு டிக்கெட்டில், நின்றுகொண்டே கேட்கிற மாதிரி புரோம்ஸ் கச்சேரிகளைத் தொடங்கினார்கள். ஹென்றி உட் என்பவர் குழுவை நடத்தினார். இன்றைக்கும் ராயல் ஆல்பர்ட் ஹாலில் எட்டு வாரம் நடக்கிறது, நின்று கேட்க இடமும் இன்னும் இருக்கிறது. பாஸ்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா 1937 முதல் டாங்கிள்வுட் என்கிற இடத்தைத் தன் கோடை வீடாக வைத்திருக்கிறது. அங்கேயும் புல்தரையில் சாப்பாட்டுக் கூடையோடு வந்து உட்காருவார்கள்.

நமக்கும் கோடைதானே காலம்? அறுப்பு முடிந்து, திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் பாரதம் வைப்பது வெயில் காலத்தில்தான். ராத்திரி முழுக்கப் பாயில் உட்கார்ந்து கேட்ட ஜனங்கள் நாம்.

எப்போது கைதட்ட வேண்டும்? தப்பான இடத்தில் தட்டினால் முறைப்பார்களாமே?
— கல்லூரி மாணவர், அரூர்

மூன்று பகுதியும் முடிந்த பிறகு தட்டுவதுதான் இன்றைய வழக்கம். கிரீக்கில் இரண்டாவதும் மூன்றாவதும் இடைவெளி இல்லாமல் ஒட்டி வரும், அதனால் அங்கே குழப்பமே வராது. அன்று முதல் பகுதி முடிந்ததும் குழந்தைகள் தட்டினார்கள். குழுவை நடத்தியவர் திரும்பிச் சிரித்தார், அந்தப் பெண்ணும் சிரித்தாள். மொஸார்ட் காலத்தில் நடுவிலேயே தட்டினார்கள் தம்பி. பயப்படாமல் போய்க் கேளுங்கள்.

15 வயதுக் குழந்தையை அறுபது பேருக்கு முன்னால் உட்கார வைப்பது கொடுமை இல்லையா? பெற்றோரின் ஆசைக்குப் பிள்ளைகளைப் பலி கொடுப்பதாகவே எனக்குப் படுகிறது.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தருமபுரி

ஐயா, உங்கள் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். அப்படிப் பலியான பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன். கீபோர்டு வகுப்புக்கு அழுதுகொண்டே வந்து, தேர்வு முடிந்த மறுநாளே பெட்டியை மூடிப் பரணில் போட்டவர்கள் உண்டு.

ஆனாலும் ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளாரா வீக் என்ற ஜெர்மன் பெண், பின்னாளில் கிளாரா ஷூமன். அப்பாதான் குரு. மிகவும் கண்டிப்பானவர். சிறுமியாக இருந்தபோது அவள் நாட்குறிப்பையே அவர்தான் எழுதினார், 'நான்' என்று அவள் எழுதுகிற மாதிரி! நீங்கள் சொல்கிற கொடுமை அதில் இருக்கிறது. அதே பெண் ஏ மைனரில் தானே ஒரு பியானோ கான்செர்ட்டோ எழுதி, 1835 நவம்பரில் லைப்ஸிக் நகரில், 16 வயதில், தானே வாசித்தாள். குழுவை நடத்தியவர் இசையமைப்பாளர் மெண்டல்சன். அந்தப் படைப்பின் நடுப்பகுதியில் அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஆர்க்கெஸ்ட்ரா மொத்தத்தையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு செல்லோவை மட்டும் வைத்துக்கொண்டாள். பியானோவும் செல்லோவும் இரண்டு பேர் திண்ணையில் உட்கார்ந்து மெல்லப் பேசுகிற மாதிரி போகும். கடைசியில்தான் டிம்பனி லேசாக வந்து சேரும். தன்னைக் காட்டிக்கொள்ள மட்டும் மேடை ஏறின பிள்ளைக்கு அப்படி எழுதத் தோன்றாது. இன்னொருவர் வாசிப்பதைக் கேட்க ஆசைப்பட்ட பிள்ளைக்குத்தான் தோன்றும்.

அதனால் ஐயா, வயதை வைத்து நான் தீர்ப்புச் சொல்வதில்லை. அந்தப் பிள்ளை மற்றவர் வாசிப்பதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறதா என்று பார்ப்பேன். பட்டால் மேடை ஏற்றலாம்.

அக்கா, என் பையனுக்கு 11 வயது. வீட்டில் அருமையாக வாசிக்கிறான். மேடை ஏறினால் கை நடுங்கி, பாதியில் மறந்துபோய் நின்றுவிடுகிறான். அந்தப் பெண் எப்படி மறக்காமல் அரை மணி நேரம் வாசித்தாள்?
— ஒரு தாய், பர்கூர்

மறந்தாள் அம்மா. அதைப் போன மாதம் நான் எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன்.

மூன்றாம் பகுதி நார்வே கிராமத்து ஆட்டத் தாளத்தில் போகும், ஹாலிங் என்று பெயர். வாலிபர்கள் துள்ளி, உயரத்தில் பிடித்திருக்கும் தொப்பியைக் காலால் உதைத்துத் தள்ளுகிற ஆட்டம் அது. தாளம் தெறிக்கும். அந்த வேகத்தில் ஓரிடத்தில் அவள் இடது கை நின்றுவிட்டது. வலது கை மட்டும் போனது, பிறகு அதுவும் தடுமாறியது. எண்ணிப் பார்த்தால் மூன்று நொடி இருக்கும். குழுவை நடத்தியவர் அவளை நோக்கிச் சாய்ந்தார், குச்சியின் அசைவைச் சின்னதாக்கினார். வயலின்கள் சத்தத்தைக் குறைத்தன, ஆனால் ஒருவரும் நிறுத்தவில்லை. அவள் தலையைத் தூக்கி, குழு எங்கே இருக்கிறது என்று கேட்டாள். விட்ட இடத்தைத் தேடிப் பின்னால் போகவில்லை. அவர்கள் இருந்த இடத்துக்கு ஒரே தாவாகத் தாவிச் சேர்ந்துவிட்டாள். என் மகளுக்கே தெரியவில்லை, வீட்டுக்கு வரும்போது நான் சொல்லித்தான் தெரிந்தது.

எனக்கு 13 வயதில் ஒரு போட்டியில் இப்படி ஆனது. ஆர்மோனியத்தில் அனுபல்லவி முடிந்து சரணம் மறந்துவிட்டது. மேசைக்குப் பின்னால் இருந்த ஒருவர் மணியைத் தட்டி, 'அடுத்த பிள்ளை' என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் எந்த மேடையிலும் ஏறவில்லை. அன்று எனக்குப் பக்கத்தில் ஒரே ஒரு மிருதங்கம் விடாமல் வாசித்துக்கொண்டிருந்திருந்தால் நான் தாவிப் பிடித்திருப்பேன். இதை இன்றைக்கும் நம்புகிறேன்.

உங்கள் பையனுக்கு இரண்டு காரியம் செய்யுங்கள். பாட்டை ஐந்தாறு இடமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைக்கச் சொல்லுங்கள், அந்த ஒவ்வோர் இடத்திலிருந்தும் தொடங்கி வாசிக்கப் பழகட்டும். எப்போதும் முதலிலிருந்தே தொடங்கினால், நடுவில் அறுந்தால் போக இடமிருக்காது. இரண்டாவது, அவனைத் தனியாக மேடை ஏற்றாதீர்கள். கூட ஒருவர் தாளமாவது போடட்டும்.

என் மகளுக்கு 12 வயது, பியானோவில் ஐந்தாம் கிரேடு முடித்துவிட்டாள். அடுத்த வருடமே எட்டாம் கிரேடு எழுத வைக்கலாமா? அவள் எப்போது ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்க முடியும்?
— ஒரு தந்தை, ஓசூர்

இந்தக் கடிதத்துக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன் தம்பி.

எட்டாம் கிரேடுக்கு ஓடாதீர்கள். உங்கள் மகள் தினமும் எத்தனை மணி நேரம் பழகுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். யாரோடு வாசிக்கிறாள் என்று எழுதவில்லை. நம் பக்கம் கீபோர்டு கற்கிற பிள்ளைகள் பெரும்பாலும் அறைக் கதவைச் சாத்தி, காதில் ஹெட்போன் மாட்டி, தனக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாசிக்கிறார்கள். தேர்வு அறையிலும் தனி. மதிப்பெண் வருகிறது, சான்றிதழுக்குச் சட்டம் போட்டு மாட்டுகிறோம். ஆனால் பக்கத்தில் ஒரு வயலின் வந்து உட்கார்ந்தால், அந்தப் பிள்ளைக்கு நிற்கத் தெரிவதில்லை. வயலின் நீட்டினால் காத்திருக்கத் தெரிவதில்லை. தாளில் 'இங்கே வாசிக்காதே' என்று ஒரு குறி இருக்கிறதே, அதை எங்கள் பிள்ளைகள் தாண்டி ஓடிவிடுகிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அமெரிக்காவிலிருந்து திரும்பிய பிறகுதான் மாற்றினேன்.

ஆர்க்கெஸ்ட்ரா கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான கான்செர்ட்டோக்களுக்கு இரண்டு பியானோவுக்கான தாள் கிடைக்கும். முதல் பியானோவில் தனிக் கலைஞரின் பகுதி, இரண்டாவதில் ஆர்க்கெஸ்ட்ரா வாசிப்பதைச் சுருக்கி எழுதியது. உலகம் முழுக்கப் பிள்ளைகள் இப்படித்தான் கான்செர்ட்டோ பழகுகிறார்கள். அந்தப் பெண்ணும் மேடைக்கு வருமுன் பல மாதம் ஆசிரியர் இரண்டாம் பியானோவில் உட்கார அப்படிப் பழகியிருப்பாள். உங்கள் மகளின் ஆசிரியரிடம் கேளுங்கள். இரண்டு கீபோர்டு போதும். வாரத்தில் ஒரு நாள் இருவரும் இடம் மாற்றிக்கொள்ளட்டும், அவள் ஆர்க்கெஸ்ட்ராவாக இருக்கட்டும்.

ஓசூரிலிருந்து பெங்களூர் ஒரு மணி நேரம். அங்கே மேல்நாட்டு இசை சொல்லிக்கொடுக்கிற பள்ளிகளும், சின்னச் சின்ன வயலின், செல்லோ குழுக்களும் இருக்கின்றன. கச்சேரிக்கு அழைத்துப் போங்கள். மும்பையில் 2006-இல் தொடங்கிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா இருக்கிறது. அந்தப் பக்கம் போக வாய்த்தால் ஒரு டிக்கெட் வாங்கி அவளை முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன்னால் உட்கார வையுங்கள். எட்டாம் கிரேடு எங்கேயும் ஓடிப்போகாது.

61 கட்டை கீபோர்டு வாங்கலாமா, 88 வாங்கலாமா?
— வாசகர், காரிமங்கலம்

ஆரம்பத்துக்கு 61 போதும். பியானோதான் என்று முடிவு செய்துவிட்டால் 88, அதிலும் கட்டை கனமாக இருக்கிற டிஜிட்டல் பியானோ. லேசான கட்டையில் பழகிய விரல் நிஜப் பியானோவில் சத்தமே எழுப்பாது. பழைய மரப் பியானோ மலிவாக வருகிறதென்று வாங்கிவிடாதீர்கள், சுருதி சேர்க்க ஒவ்வொரு தடவையும் வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டும்.

டீச்சர், நான் ஒன்பதாவது படிக்கிறேன். இரண்டு வருடமாக வயலின் கற்றுக்கொள்கிறேன். நம் ஊரில் இப்படி ஒரு கோடைக் கச்சேரி நடக்கவே நடக்காதா?
— மாணவி, கிருஷ்ணகிரி பழையபேட்டை

நடக்கும் கண்ணு. சின்னதாகத் தொடங்கிவிட்டோம்.

என் வீட்டு மொட்டை மாடியில், வெயில் தாழ்ந்த பிறகு ஞாயிறு மாலை ஐந்தரைக்குக் கூடுகிறோம். இரண்டு கீபோர்டு, இரண்டு வயலின், ஒரு புல்லாங்குழல். மொஸார்ட் 1785-இல் எழுதிய 21ஆம் கான்செர்ட்டோவின் நடுப்பகுதியை எங்களுக்கு ஏற்ற மாதிரி சுருக்கி எழுதியிருக்கிறேன். தொடக்கத்தில் 22 பார் (பார் என்பது நம் ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாளச் சுற்று) பியானோவுக்கு வேலை கிடையாது. பியானோ பகுதி எடுத்திருக்கும் பெண்ணுக்கு உன் வயதுதான். முதல் வாரம் பதினைந்தாவது பாரிலேயே உள்ளே புகுந்துவிட்டாள். இரண்டாம் வாரம் உதட்டை அசைத்து எண்ணினாள், சரியாக வந்தாள், ஆனால் வயலினை அவள் கேட்கவே இல்லை என்று முகத்தில் தெரிந்தது. போன ஞாயிறு எண்ணுவதை விட்டுவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வயலின் வாசிக்கும் பையனின் வில்லையே பார்த்திருந்தாள். வில் நின்ற இடத்தில் அவள் விரல் இறங்கியது. கீழே வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா மேலே வந்து, படியில் உட்கார்ந்துவிட்டார்.

பென்னாகரத்து அண்ணனுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். ஒரு ஞாயிறு ஆர்மோனியத்தோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் வயலினுக்கு இன்னும் ஆள் இல்லை. உனக்கான தாளை நேற்று ராத்திரி எழுதி முடித்துவிட்டேன். பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு கார்டு போட்டால் வீட்டு விலாசம் தருவார்கள். அம்மாவோ அப்பாவோ கூட வரட்டும். ஸ்டாண்டு இருக்கிறது. மாடியில் காற்று அடிக்கும், ஆளுக்கு இரண்டு துணி கிளிப்பும் எடுத்து வைத்திருக்கிறேன்.